இரண்டடி மேசை

சிகாமணி கைவேலை கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு அறுபத்தொரு வயது. ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு.

அரிசிக் கடை மாடியில் நடக்கிற வகுப்பு அது. வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். சிகாமணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"பூரணத்தோட வீட்டுக்காரர்" என்றார்.

ஜெசிந்தாவுக்குத் தெரியும். பூரணம் ஒன்பது வருடம் அந்த வகுப்புக்கு வந்தவள். தையல் கடைகளில் கழித்துப் போடுகிற வெட்டுத்துணிகளை ஒட்டுச் சேர்த்து, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு விரிப்பு தைத்துக் கொடுப்பாள். வைகாசியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

"என்ன வேணும் ஐயா?"

"அவ செஞ்சத நான் செய்யணும் டீச்சர். சொல்லிக் குடுங்க."

ஏன் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. ஓர் ஊசியும் இரண்டு துண்டுத் துணியும் கொடுத்து மூலையில் உட்காரச் சொன்னாள்.

சிகாமணி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிங் பிளேயர் பிடித்துத் தடித்த விரல்களில் ஊசி நிற்கவில்லை. குத்திக்கொண்டார். துணியில் ரத்தம் பட்டது. மறுநாளும் வந்தார்.

மூன்றாவது வாரம் ஜெசிந்தா சொன்னாள்: "வீட்டுல ஒரு இடம் வச்சுக்கங்க ஐயா. தினமும் அதே இடத்துல உட்காரணும். அப்பதான் கை பழகும்."

சிகாமணி வீட்டுக்கு வந்து இடம் தேடினார்.

கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறை இருந்தது. அதில் அவருடைய சாமான்கள் கிடந்தன. ஓடாத டிவி, இரண்டு பழைய மோட்டார், துண்டு வயர்கள், எப்போதாவது உதவும் என்று அவர் எடுத்து வைத்தவை. கல்யாணமான மூன்றாம் வருடம் பூரணம் கேட்டாள், அந்த அறையில் தைக்க ஒரு மேசை போட்டுக்கொள்ளட்டுமா என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எங்க இருக்கு இடம்?" என்றார். அவள் ரசம் ஊற்றினாள். அதன்பிறகு கேட்கவில்லை.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. காலியான அறையின் நடுவில் வெகுநேரம் நின்றார்.

ஓய்வூதியத்தில் வாடகையும் மருந்தும் போக மிஞ்சுவது சொற்பம். அதற்குள் செய்தார். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில் ஒரு பழைய கதவு கிடைத்தது. இழைப்புளி இரவல் வாங்கி, அதை இழைத்து மேசையாக்கினார். சைக்கிள் கம்பிகளைச் சுவரில் அடித்து நூல்கண்டு கோத்தார். அக்கம்பக்கத்தில் காலி ஊறுகாய் பாட்டில்கள் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, பித்தானை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டார். பழக்கூடைப் பலகையில் அலமாரி. வயரிங் அவரே செய்தார். நிழல் விழாதபடி மேசைக்கு நேர் மேலே ஒரு விளக்கு.

எல்லாம் முடிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தையல்கூட ஓடவில்லை.

வகுப்பில் கோணலாகவாவது ஓடிய கை அங்கே எழவே இல்லை. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். பதின்மூன்றாம் நாள் ஜெசிந்தாவிடம் போனார்.

"அந்த ரூம்ல என்னமோ குறையுது டீச்சர். ஒரு எட்டு வந்து பாருங்க."

வந்தாள். மேசையைத் தடவிப் பார்த்தாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள்.

"நல்லா இருக்கு. என் வகுப்புலகூட இவ்வளவு வசதி இல்ல."

"அப்ப ஏன் எனக்கு வரமாட்டேங்குது?"

"பூரணம் அக்கா எங்க உட்கார்ந்து தைப்பாங்க?"

அவர் சமையலறைக்குக் கூட்டிப் போனார். கேஸ் சிலிண்டருக்கும் மாவாட்டும் கிரைண்டருக்கும் நடுவில் தரையைக் காட்டினார்.

"உட்காருங்க ஐயா."

"இங்கயா?"

"ஆமா."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் நீட்ட முடியவில்லை. முழங்கால் சிலிண்டரில் இடித்தது. தலைக்குப் பின்னால் எரிகிற பல்பு அவர் நிழலை அவர் மடியிலேயே போட்டது. ஊரெல்லாம் தெருவிளக்கு மாட்டியவர் அவர். அந்தப் பல்பை நான்கடி தள்ளி மாட்ட அரைமணி நேரம் ஆகியிருக்காது.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

நிலைப்படி வழியாகக் கூடத்தில் அவர் வழக்கமாக உட்காருகிற மூலை மட்டும் தெரிந்தது.

"என் நாற்காலி" என்றார்.

ஜெசிந்தா குனிந்து அதே பக்கம் பார்த்தாள்.

"அவ மேசை கேட்டு இருபத்தெட்டு வருஷம்" என்றார் அவர். பிறகு, "இந்த இடத்தப் பத்தி அவ உங்ககிட்டச் சொல்லியிருக்காளா டீச்சர்?"

"குறைன்னு எதுவும் சொன்னதில்ல."

"வேற?"

"வருஷத்துக்கு ஒரு தடவ ஒண்ணு கேப்பாங்க. தைக்கிறதுக்கு மேசை போட்டா எவ்வளவு அகலம் வேணும் டீச்சர்னு. ரெண்டு அடி போதும்க்கான்னு சொல்லுவேன். சரின்னு தலையாட்டுவாங்க. அடுத்த வருஷம் திரும்பக் கேப்பாங்க. மறந்துபோய்க் கேக்கறாங்கன்னு நினைச்சேன்."

சிகாமணி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜெசிந்தா கை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை.

"அந்த ரூமப் பூட்டிரட்டுமா?"

"பூட்டினா என்ன ஆகும்?"

 கிரைண்டரின் ஓரத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மட்டும் சிமெண்டு வழவழத்துப்போயிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"டீச்சர், அவ என்னைய மன்னிச்சிருப்பாளா?"

"அவங்களும் இப்படித்தான் ஐயா" என்றாள் ஜெசிந்தா. "உங்ககிட்டக் கேக்க வேண்டியத எங்கிட்டக் கேட்டாங்க."