ஏவாளுக்கு ஒரு முக்காடு

ஒரு கிறிஸ்தவக் கோவில் அலமாரியில் ஆதாமும் ஏவாளும் பாம்பும் குடியிருந்தார்கள். மூவரும் துணிப் படங்கள். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல, கம்பளித் துணி போர்த்திய பலகையில் அவர்களை ஒட்டிக் காட்டுவார்கள்.

யார் எங்கே நிற்பது என்பது அவர்கள் கையில் இல்லை. ஒட்டுகிறவர் கையில் இருந்தது.

தங்கையா வாத்தியார் ஏவாளைப் பாம்போடு ஒட்டவைத்து நிறுத்துவார். ஆதாமைக் கொண்டுபோய்த் துணிப் பசுமாடு ஒன்றுக்குப் பின்னால் வைப்பார், அவனுக்கு ஒன்றும் காதில் விழாதது மாதிரி.

"பாருங்க, மூஞ்சியிலேயே கள்ளத்தனம்!" என்பார். பிள்ளைகள் ஒரே குரலில், "சீ!" என்பார்கள்.

ஏவாளுக்கு அந்தச் "சீ"தான் தாங்காது. அலமாரிக்குள் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"என்னங்க, நீரும்தானே தின்னீர்?" என்று ஆதாமைக் கேட்பாள்.

"நான் மாட்டுக்குப் பின்னாலல்லா நின்னேன்," என்பான் ஆதாம்.

"மச்சானுக்கு இடம் நல்லா அமைஞ்சிருக்கு," என்று பாம்பு சிரிக்கும்.

பிறகு எமிலி டீச்சர் வந்தார். ஆதாமை இழுத்து ஏவாள் பக்கத்திலேயே ஒட்டினார். "ரெண்டு பேரும்தான் தின்னாங்க. நீட்டினா வாங்கிக்கிறதா? இவருக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். "சீ" பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி தன் மேல் விழுந்ததும் ஆதாம் ஒரு வாரம் மாட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு ஆல்வின் தம்பி வந்தார். "அறிவு வேணும்னு முதல்ல ஆசைப்பட்டவங்க இவங்க. மரியாதையாப் பேசணும்," என்று ஏவாளைத் தனியாக நடுப்பலகையில் நிறுத்தினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"திட்டவும் இல்ல, கொஞ்சவும் இல்ல," என்றாள் ஏவாள். "சுவரொட்டி மாதிரி நின்னுட்டு வந்தேன்."

"என்னையே எடுத்துட்டாரே தாயி! நான் இல்லாம கதை ஏது?" என்று பாம்பு புலம்பியது.

ஆல்வின் தம்பிக்கு வெளியூரில் ஊழியம் பார்க்க ஒரு சபை கிடைத்தது. தங்கையா வாத்தியார் மறுபடி வந்தார். மாடும் பழைய இடத்துக்கு வந்தது. "சீ"யும் வந்தது.

அப்படியே கிறிஸ்துமஸ் வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தாயிற்று. அலமாரியைத் திறந்தால் மரியாளை எலி கடித்து வைத்திருந்தது. யோசேப்புக்குத் தலையே இல்லை. குழந்தை மட்டும் தப்பியிருந்தது.

"இப்ப என்ன செய்ய?" என்று வாத்தியார் கையைப் பிசைந்தார்.

"ஏவாளுக்கு ஒரு முக்காடு போட்டா மரியாள் ஆயிருவா சார்," என்றார் எமிலி டீச்சர்.

"அம்மா, அது ஏவாளல்லா!"

"வேற ஆளு இருக்கா சார்?"

இல்லை. பழைய நீலத் திரைச்சீலையைக் கிழித்து, மைதாப் பசை தடவி, முகமும் கைகளும் மட்டும் தெரிய ஏவாளைத் தலையிலிருந்து கால்வரை மூடினார்கள். அவள் கையில் பழம் வரைந்திருந்த இடத்தில் குழந்தையை ஒட்டினார்கள். ஆதாமுக்குத் தாடி வைத்து யோசேப்பு ஆக்கினார்கள். பாம்பை நிமிர்த்தி அவன் கையில் கோலாகக் கொடுத்தார்கள்.

"மச்சான், கெட்டியாப் பிடியும். எனக்கு வளையாம நின்னு பழக்கமில்ல," என்றது பாம்பு.

ஏவாள் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். குழந்தையின் கனம் கையில் தெரிந்தது. இந்த ஒரு நாளாவது "சீ" கேட்காமல் போனால் போதும் என்று கர்த்தரிடம் வேண்டிக்கொண்டாள்.

வாத்தியார் பேச ஆரம்பித்ததும் குரலே இளகிவிட்டது. "பிள்ளைகளா, இந்த முகத்தைப் பாருங்க. எத்தனை சாந்தம்! துளி களங்கம் உண்டா?"

பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கமாட்டாமல் பாம்பு ஒரு சுற்று வளைந்துவிட்டது.

அந்நேரம் மின்விசிறிக் காற்றுக்கு ஈரப்பசை விட்டது. முக்காடு நழுவித் தரையில் விழுந்தது. நீளக் கூந்தலும் இலை உடுப்புமாக ஏவாள் நின்றாள்.

முன்வரிசையில் இருந்த பியூலா எழுந்துவிட்டாள். "சார், இது ஏவாளு! மூஞ்சியிலேயே கள்ளத்தனம்னு சொன்னீங்களே, அந்த ஏவாளு!"

ஏவாள் கண்ணை மூடிக்கொண்டு "சீ"க்குக் காத்திருந்தாள்.

வாத்தியார் அவசரமாகப் போய்க் குழந்தையை அவள் கையிலிருந்து பிய்க்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க சார்," என்றாள் பியூலா. "பிள்ளை அவங்ககிட்ட நல்லாத் தூங்குதுல்லா?"

பின்னாலிருந்து ஒரு பிள்ளை தாலாட்டை ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இலை உடுப்பைப் பார்த்து யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

தங்கையா வாத்தியார் குனிந்து முக்காட்டை எடுத்தார். அதை எங்கே ஒட்டுவதென்று தெரியாமல், தன் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டார்.