யாருக்கும் வேண்டாததைக் கழற்றிய கதை

அறிவை இனாமாகக் கொடுக்கிறார்கள் என்றாலும், பை கொண்டுவரவில்லையே என்று வெறுங்கையோடு திரும்பிவிடும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கொக்குப்பாளையத்தில் இருந்தார்கள். மூத்தவன் மாசிலாமணி, நடுவன் பொங்கியண்ணன், கடைசி சென்னியப்பன்.

மாசிலாமணி ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, இன்ஜின், சக்கரம், சீட் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தான். பின்னால் பரண் பலகை போல ஓர் இறக்கை. சைலன்சர் போட்ட சத்தத்தில் தெரு எருமைகள் பால் கொடுப்பதை நிறுத்தின.

நாற்பது வயதில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா அவிநாசியப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அந்தப் பேய் வண்டி நிக்கிற வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்."

வண்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் சம்பத் வாங்க வந்தார். "வண்டி சரி. ஆனா நீங்க மாத்துனது ஒண்ணும் எனக்கு வேண்டாம், கழட்டிருங்க. வியாழக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போறேன்" என்றார்.

இறக்கை, சைலன்சர், சீட், சக்கரம் எல்லாம் இறங்கின.

"இன்ஜினுங்கண்ணா?" என்றான் சென்னியப்பன்.

"அது நாம மாத்துனதா இல்லையா?" என்றான் மாசிலாமணி.

"மாத்துனதுதான். அப்ப பழைய இன்ஜினைத் தேடி மாட்டோணுமா?"

"மாட்டச் சொன்னாரா? கழட்டத்தானே சொன்னாரு. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே."

வியாழக்கிழமை சம்பத் வந்தபோது, நாலு செங்கல் மேல் ஒரு தகரக் கூடு உட்கார்ந்திருந்தது.

"இதை எப்படிய்யா ஓட்டிட்டுப் போறது?"

"அது உங்க சாமர்த்தியமுங்க" என்றான் பொங்கியண்ணன். "ஓட்டிட்டுப் போறேன்னு சொன்னது நீங்கதானே."

சம்பத் பஸ் ஏறிப் போய்விட்டார். "வாக்கு சுத்தமில்லாத ஆளு" என்றான் மாசிலாமணி.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். கூடு அசையவில்லை. மாசிலாமணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வண்டி போகலைன்னா கல்யாணம் போச்சுடா."

பொங்கியண்ணன் கூட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா வண்டியைப் போகச் சொன்னாராண்ணா? வண்டி நிக்கிற வீட்டுக்குத்தானே பொண்ணு தரமாட்டேன்னாரு?"

"மூளைன்னா இதுதான்டா" என்று அண்ணன் அவன் தோளைத் தட்டினான்.

மறுநாள் அவிநாசியப்பன் வந்தார். வாசலில் கூடு அப்படியே நிற்க, வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே ரோட்டோரம் பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு எல்லாம் வரிசையாக நிற்க, நடுவே மூன்று பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் லாரிகள் பறந்தன.

"என்னப்பா இது?"

"அது வண்டி நிக்கிற வீடுங்க மாமா, விட்டுட்டோம். இனி இதுதான் நம்ம வீடு" என்று மாசிலாமணி எழுந்து கும்பிட்டான். "வாங்க, வாங்க. செருப்பை மட்டும் வெளியே விட்டுட்டு உள்ளே வாங்க."