சிப்பி மூடும் சத்தம்

டக்.

முத்துச்சிப்பி வாய் மூடும் சத்தம். என்றோ ஒரு பகலில் கேட்டது. சலோமியின் காதில் இன்றும் இருக்கிறது.

அன்று அவள் ஒரு குறையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். கஞ்சி போட்ட சேலை, மடிப்பு கலையாமல். கணவர் விட்டுப்போன மாதத்திலும் அப்படித்தான் வந்தாள். யார் விசாரித்தாலும் நல்லா இருக்கேன் என்பாள்.

"என் சிப்பிகளுக்கு ஒண்ணுமே ஆகல, மேடம்."

உமையாள் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. வயதில் இளையவர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊர்ப் புகையெல்லாம் கரைந்து கடல் மெல்ல அமிலமாகிப் புளித்துக்கொண்டிருக்கிறது. நாளைய கடல் எப்படியிருக்கும் என்று பார்க்க, சலோமி ஒரு தொட்டியில் கரியமில வாயுவைக் குமிழவிட்டுச் சிப்பிகளை வளர்த்தாள். பக்கத்துத் தொட்டியில் வெறும் கடல்நீர். இரண்டிலும் ஓடு ஒரே கனம், ஒரே பளபளப்பு. சிப்பிக்குக் கெடுதல் இல்லை என்று எழுதி முடித்துவிடலாமா என்று கேட்டாள். அவள் பாடம் நடத்தும் கல்லூரி ஆய்வுக்காகக் கொடுத்த விடுப்பு முடியப்போகிறது.

"ஓட்டை எப்படி எடை போட்டீங்க?"

"சதையைச் சுரண்டிட்டு, கழுவி, காயவெச்சு."

"சதை?"

"பூனைக்குப் போட்டுட்டேன்."

"அப்ப பூனையைத்தான் கேக்கணும்."

சலோமி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. புளித்த தொட்டிச் சிப்பிகளைச் சுரண்டிப் போடும் நாட்களில், தின்ற பிறகும் பூனை பசி தீராமல் காலையே சுற்றிக்கொண்டிருக்கும்.

உமையாள் கடல்நீர்த் தொட்டிக்குள் கைவிட்டு, வாய் திறந்திருந்த ஒரு சிப்பியைத் தொட்டார்.

டக்.

அடுத்த தொட்டி. அதே அளவு, அதே அழகு. தொட்டார்.

ஓடுகள் மெல்ல நெருங்கின. நடுவில் ஒரு கீற்று மூடவேயில்லை. சத்தம் வரவில்லை.

அதை எடுத்துக் கத்தியால் பிளந்து காட்டினார். உள்ளே முத்துப்பூச்சு மின்னியது. சதை, நைந்த ஈரத்துணி போல ஒட்டிக்கிடந்தது.

"இந்தத் தண்ணியில ஓடு கட்டறது கஷ்டம். இருந்தும் கட்டியிருக்கு. எதை வெச்சுக் கட்டிச்சு?"

சலோமி அந்த நைந்த சதையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

உமையாள் ஈரக் கையால் அவள் கையைப் பிடித்து உயர்த்தினார். வளையல் முழங்கை வரை வழுக்கிப் போனது.

"நீங்க எப்படி இருக்கீங்க, சலோமி?"

"நல்லா..." என்றாள். மீதி வரவில்லை.

அந்த வாரமே மணப்பாட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள், தூங்கினாள்.

மறு வருடம் திரும்பி வந்து, சதையை எடை போட்டாள்.