நாற்பத்தெட்டும் மூன்றும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். திரையில் ஐம்பத்தொரு கணிப்புகள். எதிரே சவரிமுத்து.

இருபத்தாறு வருடம் மழைமானிகளோடு காலம் தள்ளிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் வானிலை மையத்தின் வெப்ப அலைப் பிரிவுக்கு வந்தவர். அவருக்குக் கற்றுத்தர வாய்த்த மெஹருன்னிசா, அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.

ஒரே கணினி மாதிரியை, தொடக்கத்தைத் துளி மாற்றி மாற்றி, ஐம்பத்தொரு முறை ஓட்டுவார்கள். மறுநாள் மதியத்துக்கு நாற்பத்தெட்டு ஓட்டங்கள் நாற்பது டிகிரி என்றன. மூன்று மட்டும் நாற்பத்தைந்து என்றன. சவரிமுத்து எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார். நாற்பது புள்ளி மூன்று. அதையே அறிக்கையில் எழுதி நீட்டினார்.

"அந்த மூணும் எங்கே போச்சு?" என்றார் மெஹருன்னிசா.

"சராசரியில கரைஞ்சிருச்சு, மேடம்."

"அதுல என்ன நடக்குதுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தார். மூன்றிலும் நிலத்திலிருந்து வரும் மேற்குக் காற்று பிடிவாதமாக வீசிக்கொண்டே இருந்தது. கடல்காற்று கரையைத் தாண்டவே இல்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளித்தான் செங்கல் சூளைகள். பெரிய சூளையில் மட்டும் நூற்றுநாற்பது பேர் வெட்டவெளியில் கல் அறுக்கிறார்கள்.

"மூணே மூணுக்காக வேலையை நிறுத்தச் சொல்லணுமா, மேடம்? வெயில் வரலைன்னா அப்புறம் நம்மளை யார் நம்புவாங்க?"

மெஹருன்னிசா பேனாவை எடுத்தார். அறிக்கையை வாங்கித் திருத்தினார். 'கடல்காற்று வந்தால் நாற்பது. வராமலும் போகலாம், அப்போது நாற்பத்தைந்து. பதினொன்று முதல் நான்கு வரை வெளிவேலை வேண்டாம்.' அடியில் தன் கைபேசி எண்ணை எழுதினார்.

"நம்பர் எதுக்கு மேடம்?"

"திட்டறதுக்கு."

மறுநாள் மதியம் ஒன்று இருபதுக்குக் கடல்காற்று வந்துவிட்டது. வெப்பம் நாற்பதைத் தாண்டவில்லை. இரண்டு மணிக்குக் கைபேசி அடித்தது. பெரிய சூளையின் முதலாளி கன்னியப்பன். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, எங்கம்மா உன் நாப்பத்தஞ்சு? இங்க காத்துல வேட்டி நிக்க மாட்டேங்குது! நூத்திநாப்பது பேரும் புளியமரத்தடியில குறட்டை வுடுதுங்க!"

"அப்போ வேலையை நிறுத்தினீங்களா?"

"நிறுத்துனதாலதானே திட்டறேன்!"

"ரொம்ப நன்றிங்க."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "என்னா ஆளும்மா நீ" என்று வைத்துவிட்டார்.

சவரிமுத்துவுக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

"நாம சொன்னது தப்பாப் போச்சே, மேடம்."

மெஹருன்னிசா எழுந்து கிழக்கு ஜன்னலைத் திறந்தார். மேஜைமேல் இருந்த காகிதங்கள் படபடத்தன.

"காத்து வந்திருக்கு பாருங்க. அதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு, நாளைக்கான ஓட்டங்களைத் திறங்க."

அடுத்த ஆண்டு மே 22. அன்றைக்கு நாற்பத்தைந்து என்று சொன்னவை நான்கு ஓட்டங்கள். அறிக்கையின் அடியில் சவரிமுத்துவின் எண் இருந்தது. கடல்காற்று வரவில்லை. வெப்பம் நாற்பத்தைந்து புள்ளி இரண்டு. கன்னியப்பனின் ஆட்கள் நூற்றுநாற்பது பேரும் பதினொரு மணிக்கே புளியமரத்தடியில் இருந்தார்கள்.