பின்னிருக்கையில் கேட்ட சத்தம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். மதியம் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் திரும்பி வரவில்லை. ஒரகடத்துக்கு அப்பால், ஒரு கார் நிறுவனத்தின் சோதனைப் பாதை திட்டுத்திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. சின்னச் சத்தத்தையும் கேட்பதற்கு இதைவிட நல்ல வேளை அமையாது.

அந்த வேளையில் மூன்று பேர் ஒரு மின்சாரக் காரில் ஏறினார்கள்.

ஓட்டும் இடத்தில் மெஹருன்னிசா; அந்தக் காரை உருவாக்கிய குழுவின் தலைவி. பின்னால் வலப்பக்கம் தில்லைநாயகி. நிறுவனம் இனி எந்த வழியில் போக வேண்டும் என்று யோசித்துச் சொல்வது அவர் பொறுப்பு. முன்பு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்பதால் தொழிற்சாலை முழுவதற்கும் அவர் டீச்சர். பின்னால் இடப்பக்கம் எபனேசர், இன்ஜின் பிரிவின் தலைவர். டீச்சரைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் தம்மை அவருடைய முதல் மாணவர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

டீச்சர் அங்கே கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருந்தது. அதற்கு மௌன ஓட்டம் என்று பெயர். புதிய வண்டி எதுவானாலும், முதலாளிகள் ஏறுவதற்கு முந்தைய நாள், அதில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். செல்போன்கள் வாசலோடு நின்றுவிடும். யாரும் பேசக் கூடாது. இறங்கியதும் ஒவ்வொருவரும் தமக்குக் கேட்ட ஒரு சத்தத்தைச் சொல்ல வேண்டும். இடப்பக்கப் பின்னிருக்கை, காது கூர்மையானவருக்கு உரியது. பல ஆண்டுகளாக அது எபனேசரின் இருக்கை.

மறுநாள் ஒன்பது மணிக்கு நிறுவனத் தலைவரும் இயக்குநர்களும் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்த வண்டியை முதலில் கொண்டுவருவோம், நெடுஞ்சாலையில் சார்ஜ் போட இடம் பெருகட்டும், அடுக்குமாடியில் குடியிருப்பவனுக்குத் தன் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிளக் கிடைக்கட்டும் என்பது எபனேசரின் வழி. முழு மின்சார வண்டியோடு தொடங்குவோம், முதலில் நகரத்து வாடகைக் கார் நிறுவனங்களுக்குக் கொடுப்போம், இரவில் அவர்கள் கொட்டகையிலேயே சார்ஜ் ஏறட்டும் என்பது மெஹருன்னிசாவின் வழி. டீச்சர் இரண்டையும் படித்துவிட்டு, மின்சார வண்டி முன்னால் போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாளை அது தலைவருக்குப் பிடிக்காமல் போனால் எபனேசரின் வழிக்குத் திரும்புவார்கள்.

அன்றிலிருந்து எபனேசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேன்டீனில் ஒருவர், "எபி சார், உங்க டிபார்ட்மென்ட்டுக்கு மியூசியத்துல ஒரு ஹால் கேட்டு வெச்சிடுவோமா?" என்று சிரித்தபோது, அவரும் சிரிக்கவே செய்தார். ஆனால் டீச்சர் அந்தப் பெண்ணை 'மெஹர்' என்று அழைப்பதும், தம்மை இன்னும் 'சார்' என்பதும் அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. அவளும் டீச்சரைப் போலவே சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறாள் என்பதுகூடப் பொறுக்கவில்லை.

கார் புறப்பட்டது. இன்ஜின் இல்லாத வண்டி. சக்கரம் ஈரத்தை நக்கிச் செல்லும் ஓசை மட்டும். மேட்டில் ஏறி, இறக்கத்தில் கல் பதித்த பாதைக்கு வந்ததும் எபனேசருக்கு அது கேட்டது.

டிக். டிக். டிக்.

இடது தோளுக்குப் பின்னால். இருக்கையின் முதுகைப் பூட்டும் கொக்கி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அந்தப் பின் வரிசை அவருடைய பெட்ரோல் காரிலிருந்து வந்தது. மெஹருன்னிசாவுக்கு நேரம் போதாதபோது, எல்லோர் முன்னிலையிலும் அவர்தான் சொன்னார்: "பின் வரிசையை என் வண்டியிலேர்ந்து அப்படியே எடுத்துக்கோம்மா. அதுல ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது." கொடுத்ததைப் பொருத்தக்கூடத் தெரியவில்லை இவர்களுக்கு. நாளை இதே இடத்தில் உட்காரப் போவது தலைவர். அவர் எந்தக் காரிலும் இடப்பக்கப் பின்னிருக்கையில்தான் உட்காருவார்.

இறங்கினார்கள். மெஹருன்னிசா முதலில் சொன்னாள்: முன் கண்ணாடியின் ஓரத்தில் காற்று கிழிபடுகிற சத்தம். பிறகு எபனேசரைப் பார்த்தாள்.

"டயர் சத்தம்தான்," என்றார் எபனேசர். "வேற ஒண்ணும் கேக்கல."

மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னா சரிதான், எபி சார். இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்."

டீச்சர் தம் முறை வந்தபோது, தமக்குக் கேட்டதை நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். அப்படி அவர் தள்ளிப்போட்டதே இல்லை. மெஹருன்னிசா அதைக் கவனிக்காமல் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள்.

பாதையோரத்தில் இருவரும் நின்றார்கள். எபனேசர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"என்கிட்ட என்ன குறை கண்டீங்க, டீச்சர்?"

"குறைன்னு நான் எழுதலையே."

"அவளை முன்னால நிறுத்திட்டீங்க."

"வண்டியைத்தான் முன்னால நிறுத்தினேன்."

எபனேசர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, தமக்கே சொல்லிக்கொள்வதுபோல, குரல் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் நான் இப்படி இல்ல. ஒருத்தர் நல்லா செஞ்சா முதல்ல கை தட்டறவன் நான். இவ வந்தப்புறம் எனக்குள்ள என்னமோ புகுந்துடுச்சு. இது எப்படிப் போகும்னு சொல்லுங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். "உங்க வண்டி சாவியைக் கொடுங்க," என்று மட்டும் கேட்டார்.

எபனேசரின் வண்டி அவர் உருவாக்கிய பெட்ரோல் கார்தான். நாட்டிலேயே ஓசை குறைந்த இன்ஜின் என்று அவர் சொல்லிக்கொள்வது. டீச்சர் ஓட்டும் இடத்தில் ஏறினார். எபனேசர் முன் கதவைத் திறக்கப் போனபோது டீச்சர் தலையை அசைத்து, பின்னால் காட்டினார். இடப்பக்கம்.

மேட்டில் ஏறி, கல் பாதையில் இறங்கினார்கள். இன்ஜின் தணிந்த குரலில் உறுமிக்கொண்டே வந்தது. எபனேசர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"என்ன கேட்டுச்சு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. இதுல வராது, டீச்சர்."

எதில் வரும் என்று டீச்சர் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

மறுபடி மேட்டின் உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளினார். சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பினார். அதற்கு மேல் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் அடங்கியது. ஸ்டியரிங் கனத்துப்போனது, இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி தன் கனத்தால் தானே இறங்கத் தொடங்கியது.

எபனேசர் தம் வண்டியை இன்ஜின் இல்லாமல் கேட்பது அதுவே முதல் முறை. யாருமில்லாத வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. டயரின் ஈர ஓசை. கதவிடுக்கில் நுழையும் மெல்லிய காற்று. கல் பாதை வந்தது.

டிக். டிக். டிக்.

அவர் திரும்பிப் பார்த்தார். கொக்கியின் மேல் விரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார். டிக். டிக்.

இறக்கத்தின் அடியில் வண்டி தானாக நின்றது. டீச்சர் கை பிரேக்கைப் போட்டார். இன்ஜினை அவர் மறுபடி எழுப்பவில்லை. தொலைவில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. எபனேசர் பின்னிருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கை இன்னும் கொக்கியின் மேல் இருந்தது.

கொக்கியை மெல்ல ஆட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"இது எப்ப வந்தது, டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும், சார்? நான் இன்ஜினை நிறுத்தினேன், அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மெஹருன்னிசா கொட்டகைக்கு வந்தாள். மின்சாரக் காரின் பின் கதவு திறந்திருந்தது. இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எபனேசர் கொக்கியின் வாயில் கம்பளித் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். நேற்றே கேட்டதாகவும், சொல்லாமல் போனதாகவும் அவளிடம் சொன்னார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து, மறுபக்கக் கொக்கிக்கு அளவாகத் துணியை வெட்டிக் கொடுத்தாள். "இருந்தாலும் நன்றி, எபி சார்," என்றாள். அந்த நன்றியும் அவரைக் கொஞ்சம் குத்தத்தான் செய்தது.

ஒன்பது மணிக்கு மெஹருன்னிசா வண்டியை ஓட்டினாள். கல் பாதை வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் இறங்கியதும், இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார்.

தில்லைநாயகி முன்னிருக்கையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் தமக்குக் கேட்ட சத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எபனேசர் அங்கே இல்லை. தொழிற்சாலையின் மறுகோடியில், அவருடைய பெட்ரோல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும் இடத்தில், வரிசையை நிறுத்தச் சொல்லியிருந்தார். முதலில் நின்ற வண்டியின் பின்னிருக்கையில் ஏறி, இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். நான்கு பேர் வண்டியைக் கையால் தள்ளினார்கள். அவர் கண்களை மூடிக் கேட்டார்.