நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

ஜெபராணி மேடம் பணி ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசியதில் ஒரு வரி பாதிதான் நினைவிருக்கிறது. "எஞ்சின் ஓடுறதை அளக்க ஆயிரம் கருவி வச்சிருக்கோம், அது நிக்கிறதை..." என்று ஆரம்பித்தார். மீதியை மைக் விழுங்கிவிட்டது. அன்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாக முடிக்கிறார்கள். நான் முடிப்பதில்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

ஓசூரில் எங்கள் எஞ்சின் சோதனைக்கூடத்துக்கு அவர் தலைவர். அவரிடம் வேலை கற்றவர் நீலமேகம். நாற்பத்து நான்கு வயதாகியும் மேடத்தின் எதிரே தானாக உட்காரமாட்டார். "உக்காருங்க, எனக்குக் கழுத்து வலிக்குது" என்று அவர் சொல்லவேண்டும்.

நீலமேகத்தின் மூன்று வருட உழைப்பு உள்ளங்கையில் அடங்கும் ஒரு சக்கரம்.

எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாக. மெதுவாக ஓடும்போது வால்வு திறக்கவேண்டிய நேரம் வேறு, விரைந்து ஓடும்போது வேறு. அந்த நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவது இந்தச் சக்கரம். அதைத் திருப்புவது எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம். எஞ்சின் நின்றால் அழுத்தம் போய்விடும். அப்போது ஆணிபோன்ற ஒரு சின்னப் பின், ஸ்பிரிங் தள்ள, குழியில் இறங்கிச் சக்கரத்தைப் பூட்டவேண்டும். பூட்டினால்தான் அடுத்த தடவை வண்டி ஒழுங்காகக் கிளம்பும்.

நெரிசலில் எண்ணெய் சூடேறித் தண்ணீர்போல் இளகிவிடும். அழுத்தம் போதாமல் சக்கரம் மந்தமாகும். நீலமேகம் அந்தப் பின்னின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினார். எண்ணெய் லேசாகத் தொட்டாலே பின் எழும்பியது, சக்கரம் உடனே நகர்ந்தது. நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல் மிச்சம்.

திங்கட்கிழமை அறிக்கை போகவேண்டும். சக்கரம் தேறினால் வேலை ஓசூரிலேயே தொடரும். தேறாவிட்டால் திட்டத்தை வெளிநாட்டுத் தலைமையகம் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆறு பேர் குழு கலைந்துவிடும்.

சனிக்கிழமை காலை நீலமேகம் மேடத்தின் அறைக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"நானூத்திப் பன்னெண்டு தடவை நிறுத்திக் கிளப்பியாச்சு மேடம். ஒரே ஒரு தடவை பின் பூட்டல. அதைச் சேர்க்கணுமா?"

மேடம் அறிக்கையைத் திறக்கவில்லை. புதுச் சக்கரம் பொருத்திய சோதனை வண்டியின் சாவிக்குக் கை நீட்டினார்.

"வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

"நீங்களா ஓட்டுறீங்க?"

"ஏன், பயமா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாக்குறீங்க?"

பின் சீட்டில் மடிக்கணினியோடு நான் உட்கார்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு முன்னால் உள்ள மேட்டில் எல்லா வண்டிகளும் ஊர்ந்தன. முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. மேடம் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

சாவியைத் திருப்பினார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதுபோல் ஒரு சத்தம். மறுபடி அணைந்தது. இன்னொரு தடவை. அதே சத்தம்.

"கிளட்ச்சை அப்படி விட்டா எப்படி மேடம்?" என்றார் நீலமேகம்.

"யாரும் விடமாட்டாங்களா?"

பின்னால் ஹாரன்கள். ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்ன சார், படுத்துருச்சா?"

"இப்பக் கிளம்பிடும்," என்றார் நீலமேகம்.

"இப்பன்னா எப்ப? எனக்குப் பின்னால ஊரே நிக்குது. இறங்குங்க, தள்ளுவோம்."

மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மூவரும் தள்ளினோம். மேட்டில் வண்டி கனத்தது.

"புது வண்டி மாதிரி இருக்கு," என்றார் ஆட்டோக்காரர், மூச்சு வாங்க. "விசாரிச்சு வாங்கக் கூடாதா சார்?"

"நான் வாங்கல."

"பின்ன?"

"செஞ்சேன்."

ஆட்டோக்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப நல்லாத் தள்ளுங்க," என்றார்.

ஓரத்தில் வேப்பமர நிழலில் வண்டியை விட்டோம். எதிரே டீக்கடை இருந்தது. யாரும் போகவில்லை. நீலமேகத்தின் உள்ளங்கைகளில் சாலைப் புழுதி கறுப்பாகப் படிந்திருந்தது.

"நம்ம சோதனை மெஷின் எப்படி நிறுத்துது எஞ்சினை?" என்று மேடம் கேட்டார்.

"வேகத்தைக் குறைக்கும். பத்து விநாடி மெதுவா ஓட விடும். அப்புறம் நிறுத்தும்."

"ஏன் பத்து விநாடி?"

நீலமேகம் தயங்கினார். "சூடான எஞ்சினைப் படக்குனு நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதான் எழுதி வச்சீங்க மேடம். பதினொரு வருஷம் இருக்கும்."

"ஆமா," என்றார் மேடம். "நான்தான்."

வண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு மறுபடி கேட்டார்.

"பத்து விநாடி கிடைச்சா?"

"சக்கரம் தன் இடத்துக்கு வந்துடும். நின்னதும் பின் தானா இறங்கிடும்."

"கிடைக்கலேன்னா?"

"சக்கரம் பாதி வழியில நிக்கும். எஞ்சின் நிக்கிறப்ப வர்ற கடைசி ஆட்டத்துல ஒரு கணம் குழிக்கு நேரா வரும். அதுக்குள்ள பின் விழுந்துடணும். பழைய ஸ்பிரிங்னா தள்ளி விட்டுரும்."

"புதுசு?"

நீலமேகம் உள்ளங்கைப் புழுதியைத் தேய்த்தார். "மெதுவாத்தான் தள்ளும்."

"அந்த ஒரு தடவை என்ன ஆச்சு?"

"கரண்ட் போயிடுச்சு மேடம். மெஷின் பாதியில நின்னுடுச்சு. அதனாலதான் அதைச் சேர்க்க வேணாமோன்னு..."

"மொத்தம் எத்தனை தடவை கரண்ட் போச்சு?"

"ஒரே தடவைதான்."

"பின் எத்தனை தடவை பூட்டல?"

நீலமேகம் என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆறு பேர் இருக்கோம் மேடம்."

"தெரியும். உங்க கையெழுத்துக்குக் கீழே என்னோடதும் வரும்." மேடம் சாவியை அவரிடம் கொடுத்தார். "நீங்க கேட்டது நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. படக்குனு நின்ன கணக்குல உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுல ஒண்ணு."

திங்கட்கிழமை காலை நீலமேகம் அறிக்கையில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.