மூன்றாவது அழைப்பு

கொல்லிமலைக் காட்டுக்குள் மில் முதலாளி சென்னியப்பன் வார விடுமுறைக்கென்று ஒரு மரவீடு கட்டினார். பக்கத்திலிருந்த காவல்காரி காராயியின் குடிசை அவர் கண்ணை உறுத்தியது.

"நாளைக்கே இடிச்சிடுவேன். எனக்கென்ன பயம், காவல் வைக்க?" என்றார்.

"சரிங்க மொதலாளி. ஒண்ணே ஒண்ணு. அந்தியில காட்டுக்குள்ளிருந்து யாராச்சும் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, மூணாம் தடவை கூப்பிடுற வரைக்கும் பதில் சொல்லாதீங்க. மனுசங்கதான் மூணு தடவை கூப்பிடுவாங்க."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தி சாய்ந்தது. மூங்கில் புதருக்குள்ளிருந்து "சென்னியப்பா!" என்று ஒரு குரல் வந்தது. அவர் வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலுக்கு வெகு அருகில், மறுபடியும் "சென்னியப்பா!" பூச்சிகளின் சத்தம்கூட நின்றுபோனது. மூன்றாவது குரல் வரவே இல்லை.

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து குடிசைக்குள் விழுந்தார். காராயி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"குடிசையை இடிக்க வந்தீங்களா, மொதலாளி?"

"நீதானே கூப்பிட்டே?"

"ஆமாங்க, நான்தான்."

போன உயிர் திரும்பியது. கூடவே வெட்கமும் வந்தது. "குடிசை இருக்கட்டும், இடிக்கல. ஆனா மூணாவது தடவை ஏன் கூப்பிடல?"

காராயியின் கை அப்படியே நின்றது.

"நான் ஒரு தடவைதானுங்களே கூப்பிட்டேன்?"